நூல் கட்டாத கண்ணாடிகள்

பிப்ரவரி 4

மேகக்காரிக்கு,

நான் நலம். உன் சளி விட்டதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேங்கக்கா, சரிங்கக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதற்கு நீ உட்கார்ந்து பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் தம்பி உன்னைவிட்டு இங்கே வந்து ஒரு மாதமாகிறது. இரண்டு சட்டையும் கண்ணாடி அறுக்கிற கருவியும்தான் கொண்டுவந்தான். இந்த ஊர்க் கண்ணாடிக் கடையிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். பகலெல்லாம் கண்ணாடிக்கு ரசம் பூசுகிறான், சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறான்.

"என்னடா ஆச்சு உங்களுக்குள்ள?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகலக்கா."

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஒன்றும் ஆகாமல் பிரிவதை இப்போதுதான் பார்க்கிறேன். பாத்திரம் பறந்தது, கதவை அறைந்தது என்று ஏதாவது இருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

போகட்டும். கல்யாணம் என்று ஒன்று எழுதி வைத்திருந்தால் எது யாருக்கு என்று வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு அது இல்லை. ஆகவே நான்தான் வக்கீல். எங்கள் அப்பா அம்மா போன பிறகு சாமான்களை எப்படிப் பிரித்தோமோ அப்படியே நீங்களும் பிரிக்கலாம். ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல். வேண்டியதில் கட்ட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஒரே சாமானில் இரண்டு நூல் விழுந்தால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். கட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும், வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. அன்றைக்குத் தம்பிக்கு வெள்ளை, எனக்குச் சிவப்பு. இப்போது உனக்கு நீலம் என்று வைத்துக்கொள். மூன்று உருண்டையும் என் தையல் பெட்டியில்தான் கிடக்கின்றன. மார்ச் முதல் ஞாயிறு நீ வேலைக்குப் போயிருக்கும்போது அவன் வந்து கட்டுவான். பிறகு உன் முறை.

மாடிப்படி இன்னும் அதே செங்குத்துதானா? கைப்பிடி போட்டீர்களா? சும்மாதான் கேட்டேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன்
சலவைக்கூடத்து அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டுவிட்டது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஈரத்தில் நாள் முழுக்க நிற்காதீர்கள். மேற்பார்வை பார்ப்பவர் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் துணி வெளுக்காதா என்ன?

"அக்கா" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அக்கா என்பதால்தான் நீங்கள் எனக்கு அக்கா. இனி அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு வார்த்தை கிடைக்காததால் அப்படியே விட்டுவிட்டேன்.

எங்கள் வானிலை அலுவலகத்தில் மொட்டை மாடிக்கு ஏறி, வானத்தை மனதுக்குள் எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வானத்தை எட்டாகப் பிரிக்கிறவளுக்கு ஒரு வீட்டுச் சாமானை இரண்டாகப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் நூல் யோசனை நல்லதுதான், அப்படியே செய்கிறேன்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பத்திரம் உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எப்போது காலி செய்ய வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் அறைகள் கிடைக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். சமையலறையில் காலையில் விழும் வெளிச்சம் ஒரு சாண் தள்ளி விழுகிறது. இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருப்பதால் எங்கள் வீட்டுக்கு நேராக வெயில் வராது என்பது உங்களுக்குத் தெரியும். மாடி ஜன்னலில் விழும் வெயிலை அவர் ஐந்து கண்ணாடிகளில் மாற்றி மாற்றித் திருப்பிப் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்திருக்கிறார். எல்லாம் ரசம் திட்டுத்திட்டாகப் படிந்ததால் கடையில் கழித்துப் போட்டவை. அந்தப் புள்ளிகளெல்லாம் சுவரில் நிழலாக விழும். தேநீர் குடித்துக்கொண்டே அவற்றைப் பார்ப்பது என் வழக்கம். இப்போது தேநீர் ஓரிடத்திலும் வெளிச்சம் ஓரிடத்திலுமாக இருக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.

படிக்கட்டு அதே செங்குத்துதான். கைப்பிடி போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மேகக்காரி


மார்ச் 10

மேகக்காரிக்கு,

நானும் அவனும் நலமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். மேசை மேல் நீ மூடி வைத்திருந்த பலகாரத்தை நான் தின்றேன். அவன் தொடவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் மேலே போய் நூல் கட்டிக்கொண்டிருந்தான். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் மேலே ஏறவில்லை. கீழே நீங்கள் பழைய பெட்டிகளைப் போட்டு வைத்திருக்கும் இருட்டு அறையில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டேன். நல்ல அறை அது. ஏன் சாமான் போட்டு அடைத்து வைத்திருக்கிறீர்கள்? சந்துப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இருக்கிறது. திறந்து பார்த்தேன், பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. ஆனாலும் காற்று வருகிறது. கீழே தண்ணீர் நன்றாக வருமா?

அவன் எதில் என்ன கட்டினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. விதி விதிதான். திரும்பும்போது ரயிலில் மூன்று மணி நேரம் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் "வெளிச்சம் தள்ளி விழுதுக்கா" என்றான். "எனக்கென்னடா தெரியும்" என்றேன். அதோடு சரி.

காலி செய்வது பற்றியெல்லாம் நீயாக எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதே. முதலில் நூலைக் கட்டு.

சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. இளசுகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கு இது கடைசி வருடம் என்பதால் அதனோடு நான் பழகவில்லை.

உன்
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முட்டிக்குச் சூடு கொடுக்கிறீர்களா? கீழே தண்ணீர் நன்றாக வரும், மேலேதான் தகராறு.

நீங்கள் வந்துபோன அன்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். வீடு முழுக்க நீலம், என் நிறம். பீரோவில், கட்டிலில், ரேடியோவில், குடைக் கம்பியில், என் தலைசீவும் மேசையில், அவர் அப்பாவின் சுவர்க்கடிகாரத்தில்கூட நீல நூல். தன்னுடைய வெள்ளை உருண்டையை அவர் பிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி நின்றேன். ஜன்னல் காற்றில் நூல் முனைகள் எல்லாம் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு, தன்னை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் தோன்றியது. கோபம் வந்தது. பிரிந்தபோதுகூட வராத கோபம். வெள்ளை உருண்டையை எடுத்து, அவருக்குப் பிடித்தவை என்று தெரிந்த எல்லாவற்றிலும் நான் அவருக்காகக் கட்டினேன். கடிகாரம், ரேடியோ, கருவிப்பெட்டி, சமையலறை நாற்காலி. இப்போது பாதிச் சாமான்களில் இரண்டு நூல்கள். பேசித் தீர்க்க வேண்டுமென்றால் இந்த வருடம் போதாது.

சமையலறை நாற்காலியை மட்டும் அவர் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வாங்கித் தந்தது. வெளிச்சம் நேராக விழும் இடத்தில் இத்தனை வருடமாக அதைத்தான் வைத்திருந்தார். அவ்வளவு பிரியம்.

கண்ணாடிகளில் மட்டும் எந்த நூலும் இல்லை. நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. அதன் அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது. அவற்றை எனக்குத் தர மனம் வரவில்லை, தனக்கு வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கையால் செய்தவை அல்லவா. ஆள் வைத்துக் கழற்றி, பத்திரமாகக் கட்டி அனுப்பிவிடுகிறேன்.

நேற்று வானம் முழுக்க மேகம், எட்டுக்கு எட்டு. இப்படிப்பட்ட நாட்களில் எண்ணும் வேலை சுலபம்.

அன்புடன்,
மேகக்காரி


ஏப்ரல் 20

மேகக்காரிக்கு,

நலம், நலம். சிரித்துச் சிரித்து விலாதான் வலிக்கிறது.

நாற்காலி விஷயத்தைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். முழித்தான். "அது அவளுக்குப் புடிக்குமேக்கா. அதனாலதான வெளிச்சத்துல போட்டு வெச்சேன்" என்றான்.

"உனக்குப் புடிக்காதா?"

"முதுகுல குத்தும். நான் எப்பவும் தரையிலதான உக்காருவேன்."

இப்போது நீ சொல், மேகக்காரி. சத்தியமாகச் சொல். உனக்கு அந்த நாற்காலி பிடிக்குமா? எனக்குத் தெரியும், பிடிக்காது. நீ அதில் நுனியில்தான் உட்காருவாய், பறந்து போகப்போகிற மாதிரி.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கும் அது பிடிக்காது. விற்றவன் விடாமல் பேசியதால் வாங்கினேன். வாங்கியதை எங்கே போடுவது என்று தெரியாமல் உங்கள் தலையில் கட்டினேன். வரும்போதெல்லாம் அது நல்ல இடத்தில் இருப்பதைப் பார்த்து, "பரவாயில்லையே, மதிக்கிறார்களே" என்று நானும் கஷ்டப்பட்டு அதில் உட்கார்ந்தேன். ஆக, மூன்று பேருக்கும் ஆகாத ஒரு நாற்காலி, உங்கள் வீட்டின் ஒரே வெயிலில் பதினெட்டு வருடம் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

சிரித்து முடித்த பிறகு இன்னொன்றும் தோன்றியது. நீங்கள் கல்யாணம் பண்ணாததும் இப்படித்தானோ? அந்தக் காலத்தில் அவனிடம் கேட்டேன். "அவளுக்கு எப்படியோ எனக்கும் அப்படி" என்றான். உன்னிடம் கேட்டேன். "அவருக்கு எப்படியோ அப்படிங்கக்கா" என்றாய். எனக்கும் அப்போது வேலை அவசரம், விட்டுவிட்டேன்.

கண்ணாடிகளைக் கழற்றாதே. நான் அவனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன்
அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கண்ணாடிகள் லாரியில் ஏறிவிட்டன. போர்வையில் சுற்றி, நடுவில் வைக்கோல் வைத்து, நானே கட்டினேன். உடையாமல் வந்து சேரும்.

நாற்காலியைப் பற்றி என்ன சொல்வது. ஆமாம், எனக்குப் பிடிக்காது. இதை எழுதுவதற்கே பயமாக இருக்கிறது, நீங்கள் பக்கத்திலிருந்து பார்ப்பது போல.

வீடு இருட்டாகிவிட்டது. காலையில் எழுந்து இன்னும் விடியவில்லை என்று மறுபடி படுத்து, இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகப் போனேன். சமையலறையில் பகலிலேயே விளக்குப் போடுகிறேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் என் கைகள் வேறு யாருடையவோ மாதிரி இருக்கின்றன. கண்ணாடி இருந்த இடங்களில் சுவர் வெளுப்பாக, கதவு மாதிரி நிற்கிறது. அதன் வழியாக இன்னொரு அறைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. கனவில் போகிறேன். அங்கே இதே வீடுதான், வெயிலோடு.

கழற்றும்போது ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் மடித்த அட்டைத் துண்டுகள் செருகியிருந்தன. ஆணியில் ஒரு தகர டப்பா நிறைய அதே மாதிரித் துண்டுகள், மெல்லியதும் தடித்ததுமாக. ஆட்டம் காணாமல் இருக்க வைத்தார் போலிருக்கிறது. குப்பையில் போட்டுவிட்டேன்.

மொட்டை மாடியில் நின்று வானம் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறேன். வேலை முடிந்து இறங்கத்தான் மனம் வருவதில்லை.

அன்புடன்,
மேகக்காரி


ஜூன் 3

மேகக்காரிக்கு,

நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்.

கண்ணாடிகள் வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. தம்பி போர்வையைப் பிரித்தான். ஐந்தையும் என் கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐந்து கண்ணாடியிலும் அவன் முகம், ஒரு முகத்தில்கூட ஒரு வார்த்தை இல்லை. நான்தான் கேட்டேன்.

"இதுல மட்டும் ஏன்டா நூல் கட்டல?"

"செவத்துல யாராவது நூல் கட்டுவாங்களாக்கா? இது வீட்டோட சேந்தது."

"வீடு?"

"வீடு அவளுக்குத்தான?"

"அத அவகிட்ட சொன்னியா?"

"அவளுக்குத் தெரியுமே!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஐந்தையும் போட்டு உடைத்திருப்பேன். அவளுக்குத் தெரியுமாம்! அங்கே நீ காலி செய்ய நாள் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய்.

அந்த அட்டைத் துண்டுகள் என்னவென்றும் கேட்டேன். சூரியன் ஒரே இடத்தில் நிற்காதாமே? வாரத்துக்கு வாரம் தள்ளித் தள்ளிப் போகுமாம். அதற்குத் தகுந்த மாதிரி அட்டையை மாற்றிச் செருகிக் கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே இருந்தானாம், உன் தேநீர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் விழுவதற்காக. நீ வேலைக்குப் போன பிறகு செய்வானாம். பதினெட்டு வருடமும். வானத்தைக் கரைத்துக் குடித்தவள் நீ, சூரியன் உங்கள் வீட்டுக்காக நின்றுகொண்டிருந்தது என்றா நினைத்தாய்?

"மறுபடி போய் அவகூட இருக்கியாடா?" என்றும் கேட்டுவிட்டேன். "இல்லக்கா. அங்க நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எழுப்பிடக் கூடாதுன்னு மெதுவா நடந்துட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. இப்பதான் முழிச்சிருக்கோம்" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டதே இல்லை.

சரி, இப்போது வீடு. அவன் பாதியை உனக்கு எழுதித் தருவான். மறு பாதி என்னுடையது. அதையும் நீ கேட்டால் தருவேன். கேட்க வேண்டும். "உங்களுக்கு எப்படியோ அப்படிங்கக்கா" என்று எழுதினாயோ, கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் மனதில் இருப்பதை நானாக ஊகித்துக்கொண்டு கொடுப்பதற்கு நான் ஒன்றும் என் தம்பி இல்லை. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

உன்
அக்கா


ஜூன் 11

அக்கா,

எனக்கு அந்த வீடு வேண்டும்.

மேகக்காரி


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. போனை எடுத்த அவர் "அக்கா வெளிய போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவர் குரலைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும்.

நான் கேட்டது தவறாக இருந்தால் சொல்லிவிடுங்கள். நலம்கூட விசாரிக்காமல் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன்.

இங்கே மழை. மேகங்கள் மிகத் தாழ்வாக, கையை நீட்டினால் நனையும் உயரத்தில் போகின்றன. நான் கேட்டதை மட்டும் திரும்பப் பெறவில்லை. பதில் வேண்டாம் என்று இருந்தாலும் எழுதுங்கள்.

மேகக்காரி


செப்டம்பர் 6

மேகக்காரிக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் யோசனை, கொஞ்சம் அலைச்சல். ஒரு வரிக் கடிதம் எழுதியதற்கெல்லாம் வருத்தப்படாதே. உன் கடிதங்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது. தலையணைக்குக் கீழே கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

போன வாரம் நானும் தம்பியும் பத்திர அலுவலகத்துக்குப் போனோம். எழுதுகிற ஆள் பேனாவை வைத்துக்கொண்டு, "அவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்றான். தம்பி வழக்கம்போல ஊமை. "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன் நான்.

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்களே."

"இல்லேன்னா ஒண்ணு போடுங்க. அளவுகோல் இல்லையா உங்ககிட்ட?"

போடவில்லை. "மற்றவை" என்று எழுதிக்கொண்டான். இருக்கட்டும், நான் என்ன சொன்னேன் என்பது அங்கிருந்த எல்லார் காதிலும் விழுந்தது. நீ வந்த புதிதில் உங்கள் தெருக்காரி ஒருத்தி உன்னைக் காட்டிக் கேட்டபோது, "தம்பிக்குத் தெரிஞ்ச பொண்ணு" என்றேன். நீ பக்கத்தில்தான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். அன்றைக்கு நீ ஒரு சட்டையை ரொம்ப நேரம் உதறினாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வீடு இனி உன்னுடையது, முழுதும். கண்ணாடிகளைத் திருப்பி அனுப்புகிறேன். "வந்து மாட்டிக் குடுத்துட்டு வாயேன்டா" என்றேன். "அவளே மாட்டிக்குவா. சூரியன் எங்க இருக்கும்னு அவளுக்குத்தான தெரியும்" என்றான். இதையாவது அவன் சரியாக ஊகித்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அவன் கடை மாடியிலேயே ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். சிரிக்கிறான் இப்போதெல்லாம்.

எனக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது. இந்தக் குவார்ட்டர்ஸை விட வேண்டும். இங்கேயே எங்காவது ஒரு அறை பார்த்துக்கொள்வேன். எல்லாம் மூன்றாவது மாடி, நாலாவது மாடி என்றே காட்டுகிறார்கள். பார்க்கலாம்.

நாற்காலியை என்ன செய்தாய்?

உன்
அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முட்டி எப்படி இருக்கிறது? இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, அதனால் உண்மையைச் சொல்லுங்கள்.

பத்திரம் வந்தது. அன்று முழுக்க அதைத் திறக்காமல் மேசை மேல் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். நன்றி என்று எழுதினால் நீங்கள் திட்டுவீர்கள், எழுதவில்லை.

கண்ணாடிகளை மாட்ட ஒரு வாரம் ஆயிற்று. அலுவலகத்தில் நாள்தோறும் சூரியனைப் பார்க்கிறேன், வீட்டுக்குள் அது எப்படி இறங்கி வருகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தீப்பெட்டி அட்டையை வெட்டி மடித்து, ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் செருகிச் செருகிப் பார்த்தேன். ஒரு மயிரிழை சாய்ந்தால் கீழே வெளிச்சம் ஒரு முழம் ஓடிவிடுகிறது. இந்த வேலையை அவர் சத்தமில்லாமல் எப்படிச் செய்தார் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன். நல்ல அழுகைதான், திரும்பி வர வேண்டும் என்று கேட்கிற அழுகை இல்லை. அவரிடம் சொல்லுங்கள், பார்த்துவிட்டேன் என்று. அது போதும்.

நான்கு கண்ணாடிகளை மாட்டியதும் வெளிச்சம் படிக்கட்டின் அடிக்கு வந்து நின்றது. ஐந்தாவதைச் சமையலறை வாசலில் மாட்டுவதற்காகக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்போது வெயில் என் கையிலிருந்து தெறித்துக் கீழ் அறைக்குள் போனது. பழைய பெட்டிகள், தூசி, சந்துப் பக்கத்து ஜன்னல் எல்லாம் ஒரு கணம் தெரிந்தன. ஜன்னல் கொக்கியில் ஏதோ சிவப்பாக இருந்தது.

கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நூல். இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கமாக ஒரு முடிச்சு. மார்ச்சிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது, தூசிகூடப் படிந்துவிட்டது.

சிவப்பு உங்கள் நிறம் அக்கா. பிறகு உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மாடிப்படி செங்குத்தா, கீழே தண்ணீர் வருமா, நல்ல அறையை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள், எனக்கு இது கடைசி வருடம். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. நான் கேட்டதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாவது மாடியில் அறை தேடிக்கொண்டிருக்கிறீர்கள். வாயைத் திறந்து கேள் என்று என்னை அந்தத் திட்டுத் திட்டினீர்களே, உங்கள் வாயில் என்ன இருந்தது?

பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஐந்தாவது கண்ணாடியைக் கீழ் அறைக்குத் திருப்பி மாட்டிவிட்டேன். காலையில் வெளிச்சம் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் விழுந்து, புள்ளிகளோடு மெல்ல நகர்ந்து, கட்டில் போடும் இடத்துக்கு வருகிறது. என் தேநீரை அங்கே கொண்டுபோய்க் குடிக்கிறேன். வாசலிலிருந்து அந்த அறைக்கு ஒரு படிகூட இல்லை.

நாற்காலியை நம் வீட்டு மொட்டை மாடியில் போட்டுவிட்டேன். காக்கைகள் உட்காருகின்றன. அவற்றுக்கும் அதில் சௌகரியமாக இல்லை என்றுதான் தோன்றுகிறது.

சிவப்பு நூலை நான் அவிழ்க்கவில்லை. கட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும், வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. விதி விதிதான்.

டிசம்பர் வரை காத்திருக்கிறேன்.

உங்கள்
வீட்டுப் பெண்